கண் காண்பதும் கை அறிவதும்

ஒரு பொருளைக் கண் காண்கிறது, அது இன்னதென்று மனம் அறிந்துகொள்கிறது, அதன் பின்னர் மனம் இட்ட கட்டளையை ஏற்றுக் கை நீண்டு அதை எடுக்கிறது: இந்த வரிசையில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் கரும்பலகையில் நான் வரைந்த படமும் இதே வரிசையில்தான் அமைந்திருந்தது. கடந்த 50 ஆண்டுகளில் பார்வையைப் பற்றி நடந்த ஆய்வுகளோ வேறொன்றைச் சொல்கின்றன. ‘இதோ காண்கிறேன்’ என்று நான் உணரும் காட்சி ஒன்று. என் விரல்களைப் பொருளின் அளவுக்கு விரித்து, மணிக்கட்டைத் திருப்பி, உரிய இடத்தில் நிறுத்துகிற காட்சித் தகவல் மற்றொன்று. இரண்டும் ஒரே விழித்திரையில் தொடங்கினாலும் மூளைக்குள் வெவ்வேறு வேலைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. நாம் உணர்ந்து காணும் காட்சி கை எதை நாட வேண்டும் என்பதைத் தெரிவு செய்கிறதே தவிர, கையைக் கணத்துக்குக் கணம் நடத்திச் செல்வது அதன் வேலையன்று என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

திருகோணமலை நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் பாலத்தின் மேலிருந்து அந்த நீர்ப்பரப்பைப் பார்த்திருப்பார்கள். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை நாங்கள் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் கடந்த இடம் அது. அதன் ஓரத்து ஆழமில்லாத நீரில், முழங்காலளவு இறங்கி நின்று வீச்சுவலை எறிகிற ஒருவரோடு எனக்கு நெடுநாள் பழக்கம். வலையின் கயிற்றை இடது மணிக்கட்டில் சுருக்கிட்டுக்கொள்வார். வலையில் ஒரு பகுதியைத் தோளிலே போட்டு, ஈயக்குண்டுகள் கோத்த விளிம்பில் ஒரு துண்டைப் பல்லால் கவ்வி, மீதியை இரு கைகளிலும் பகிர்ந்து பிடித்து, இடுப்பை ஒரு பக்கம் திருப்பி எறிவார். பல் விடும் கணமும் கை விடும் கணமும் பொருந்தினால் வலை வட்டமாக விரிந்து விழும். பிசகினால் சுருண்டபடியே விழும்.

“நானா, வீசக்குள்ள எங்க பாக்குறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மீனைத்தான் சேர். வலையப் பாத்தா வலை விரியாது” என்றார்.

“அப்ப, பல்லை எப்ப விடுறீங்க?”

“அது எனக்கெப்படித் தெரியும்? அது பல்லுக்குத்தான் தெரியும்” என்று சிரித்தார்.

மீன்கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது, நீரின் மேல் எழும் சிற்றலை காற்றினால் வந்ததா மீனால் வந்ததா, வெயில் சாய்ந்த பிறகு எந்தப் பக்கம் நின்றால் கண் கூசாது என்பனவற்றையெல்லாம் அவர் விரிவாகச் சொல்லக்கூடியவர். கண்ணால் கண்டவற்றை அவரால் சொல்ல முடிகிறது. கை செய்தவற்றைச் சொல்ல முடிவதில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வருவது அவசரம். வீச்சுவலையில் பாதி வேலை தொடுகையும் உடலின் சமநிலையும் செய்வது. ஒரு கைவேலையை வாயால் விளக்க முடியாமல் போவதற்குப் பழக்கம் ஒன்றே போதுமான காரணம். பார்வைக்குள்ளேயே பிளவு இருக்கிறது என்று காட்டுவதற்கு வேறு வகையான சான்று வேண்டும்.

அனுபவம் இங்கே நல்ல சாட்சியும் அல்ல. மாலை மங்கிய நேரத்தில் பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து வீதியில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்கு முன்னால் புள்ளிமான் பாய்வது இந்த ஊரில் புதினமன்று. தப்பியவர்கள் எல்லோரும் ஒரே விதமாகச் சொல்வார்கள்: ‘பிரேக்கைப் பிடித்த பிறகுதான் மானைக் கண்டேன்.’ எனக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது. ஆனால் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்வது அந்தக் கணம் கடந்த பின்னர் நினைவு கட்டும் கதை. அதைக் கொண்டு செக்கனின் பத்திலொரு பங்கை அளந்துவிட முடியாது. அளப்பதற்குக் கருவி வேண்டும், அதைவிட முக்கியமாகச் சூழ்ச்சியான ஒரு பரிசோதனை வேண்டும்.

அத்தகைய பரிசோதனைகள் பிரான்சின் லியோன் நகரத்தில் நடந்தன. மார்க் ஜானரோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஒளியூட்டப்பட்ட ஒரு சிறு கோலை எடுக்கக் கையை நீட்டும்படி ஆட்களிடம் சொல்லப்பட்டது. சில வேளைகளில் கை நகரத் தொடங்கிய கணத்தில் ஒளி அந்தக் கோலிலிருந்து பக்கத்துக் கோலுக்குத் தாவும். அந்தத் தாவலை உணர்ந்தவுடன் வாயால் ஓர் ஒலி எழுப்ப வேண்டும். கை தன் பாதையைத் திருத்தத் தொடங்கியது ஏறத்தாழ 100 மில்லி செக்கனில். வாயின் ஒலி வந்ததோ அதற்கும் 300 மில்லி செக்கன் அளவு பிந்தி. பேச்சு உறுப்புகளை அசைக்கக் கொஞ்ச நேரம் செல்லும் என்று கழித்துக்கொண்டாலும் இந்த இடைவெளி முழுவதையும் அதனால் நிரப்ப முடியாது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1986இல், அதே நகரத்தில் குடேல், பெலிசன், பிராப்லான் ஆகிய மூவரும் இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்திருந்தார்கள். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தச் சிறு கணத்தில் நமது பார்வை மந்தமாகிவிடுகிறது. அந்தக் கணத்திலேயே அவர்கள் இலக்கைச் சிறிது நகர்த்திவிட்டார்கள். இலக்கு நகர்ந்ததை ஆட்கள் அறியவே இல்லை. ஆனாலும் விரல் நகர்ந்த இடத்தைத்தான் போய்த் தொட்டது.

பிடிவாதம் காட்டும் கையையும் அந்த நகரத்து ஆய்வு ஒன்று 2000இல் காட்டியது. இலக்கு இடம்மாறினால் கையை அப்படியே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தும், வேகமாக நீண்ட கைகள் பல தடவை இலக்கைத் துரத்திச் சென்றன; நிறுத்த நினைத்தவரின் எண்ணம் போய்ச் சேருவதற்குள் கை திரும்பிவிட்டது. மூளையின் பின்மேல் பகுதி இரு புறமும் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இந்தத் தன்னியக்கத் திருத்தம் நிகழவில்லை. ஆகவே இது கையின் பொதுவான அவசரமன்று, மூளையில் இடமுள்ள ஒரு தனித் தொழில்.

இந்தத் துறை முழுவதையும் திருப்பிவிட்டவர் ஒரு நோயாளி. மருத்துவ எழுத்துகளில் அவர் டி.எப். என்ற இரண்டு எழுத்துகளாகவே அறியப்படுகிறார். ஸ்கொட்லாந்துப் பெண், 1988இல் இத்தாலியில் வாழ்ந்துகொண்டிருந்தபோது, குளியலறையில் பழுதான நீர்சூடாக்கியிலிருந்து கசிந்த காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை மூச்சில் இழுத்து மயங்கி விழுந்தார். உயிர் தப்பியது, கண்ணும் பழுதாகவில்லை. நிறமும் பொருளின் மேற்பரப்பின் தன்மையும் தெரிந்தன. ஆனால் உருவம் போய்விட்டது. முன்னால் இருப்பது சதுரமா நீள்சதுரமா என்றும், கோடு நிற்கிறதா கிடக்கிறதா என்றும் அவரால் சொல்ல இயலவில்லை. அவரை ஆராய்ந்த டேவிட் மில்னர் ஒரு பென்சிலைப் பிடித்துக் காட்டி அது எப்படி இருக்கிறது என்று கேட்டபோது டி.எப்.புக்கு விடை தெரியவில்லை. ஆனால் பார்ப்பதற்காக அதை வாங்கக் கை நீட்டியபோது, பென்சில் இருந்த சாய்வுக்கு ஏற்றபடி மணிக்கட்டு ஏற்கெனவே திரும்பியிருந்தது.

இந்தச் சிறு நிகழ்வைப் பார்த்து வியந்ததோடு விட்டுவிடாமல் அதை ஒரு பரிசோதனையாக மாற்றியதுதான் மில்னரும் மெல்வின் குடேலும் செய்த பெரிய வேலை. தபால்பெட்டியின் வாய் போன்ற நீண்ட துளை வெட்டிய ஒரு வட்டத்தட்டை டி.எப். முன்னால் வைத்து, அந்தத் துளையை வேண்டிய சாய்வுக்குத் திருப்பினார்கள். கையிலிருக்கும் அட்டையைத் துளையின் சாய்வுக்குச் சமமாகப் பிடித்துக் காட்டுங்கள் என்று கேட்டால் அட்டை மனம்போன போக்கில் திரும்பியது. அட்டையைத் துளைக்குள் போடுங்கள் என்று கேட்டால், நலமான ஒருவரைப் போலவே, கை நீளும்போதே அட்டை திரும்பிச் சரியாக உள்ளே போனது. கண்ணும் துளையும் கையும் மாறவில்லை. கேட்ட கேள்வி மட்டும் மாறியது. 1991இல் நேச்சர் இதழில் வந்த இந்த முடிவை நான் முதன்முதலில் படித்தபோது இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

இதற்கு நேரெதிரான நோயை ஹங்கேரிய மருத்துவர் பாலின்ட் 1909இலேயே விவரித்திருந்தார். மூளையின் உச்சிப்புறம் பழுதான அவருடைய நோயாளிக்குப் பொருள் தெரியும், பெயர் சொல்லவும் முடியும்; ஆனால் எடுக்கப் போனால் கை பக்கத்தில் போய்த் தடவும். பிற்காலத்தில் இப்படிப்பட்டவர்களைத் துளைப் பரிசோதனைக்கு உட்படுத்தியபோது, சாய்வை வாயால் சரியாகச் சொன்னவர்களின் கை தப்பான கோணத்தில் போய் மோதியது. பிடரியிலிருந்து காதோரமாகக் கீழே செல்லும் நரம்புப்பாதை காண்பதற்கும் அடையாளம் காண்பதற்கும் உரியது, பிடரியிலிருந்து உச்சியை நோக்கி மேலே செல்லும் பாதை செயலுக்கு உரியது என்று மில்னரும் குடேலும் 1992இல் முன்வைத்த கருத்து இந்த இரண்டு வகை நோயாளிகளின் எதிரெதிரான குறையில் ஊன்றி நிற்கிறது.

நேரம் இந்த வேறுபாட்டில் எப்படி நுழைகிறது என்பது என்னை இன்னும் அதிகமாக ஈர்க்கிறது. டி.எப்.புக்கு ஒரு கட்டையைக் காட்டி, மறைத்து, இரண்டு செக்கன் கழித்து அது இருந்த இடத்தில் எடுப்பதுபோலச் செய்யச் சொன்னால் விரல்கள் கட்டையின் அளவுக்கு விரியும் திறமை மறைந்துவிடுகிறது. உச்சிப்புறம் பழுதானவர்களிலோ, சில செக்கன் பொறுத்து இலக்கைச் சுட்டினால் உடனே சுட்டுவதைவிட நன்றாகச் சுட்டியவர் உண்டு. செயலுக்குரிய பார்வை எதையும் சேமித்து வைப்பதில்லை, இந்தக் கணத்துக்கு மட்டும் உழைக்கிறது. சற்றுப் பிந்தினாலும் கை நினைவிலிருக்கும் காட்சியிடம் போய்க் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நாம் உணர்ந்து காணும் காட்சியின் பயனும் இங்கேயே வெளிப்படுகிறது. நேற்றுக் கண்டதை இன்று கண்டதோடு ஒப்பிட, பிறருக்குச் சொல்ல, பல பொருள்களில் ஒன்றைத் தெரிவு செய்ய நிலைத்து நிற்கும் ஒரு காட்சி தேவை. நம்முடைய துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஏறும் வழிகாட்டி மாலுமியை எண்ணிப் பாருங்கள்: எந்தத் துறைக்குப் போவது என்று முடிவு செய்தது கப்பல்தலைவன், இந்த நீரோட்டத்துக்கு, இந்தக் காற்றுக்கு எவ்வளவு திருப்புவது என்பதைச் சொல்வது வழிகாட்டி மாலுமி. அதற்காகத் தலைவன் வேண்டாதவனாகிவிடுவதில்லை.

காட்சி உணர்வே இல்லாமல் செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் விடை உண்டு. முதலாம் உலகப் போரில் தலையில் குண்டடிபட்டுப் பார்வைப்புலத்தில் ஒரு பகுதியை இழந்த வீரர்கள், அந்தக் குருட்டுப் பகுதியில் அசைவை மட்டும் உணர்ந்ததை 1917இல் ரிடொக் பதிந்தார். 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், இரண்டு பக்கவாதங்களில் மூளையின் மேற்படையில் பார்வைக்குரிய முதன்மைப் பகுதி முழுவதையும் இழந்து குருடரான ஒரு மருத்துவர், ஊன்றுகோலில்லாமல், பெட்டிகளும் கதிரைகளும் வைத்த ஒரு நடைவழியில் எதிலும் இடிக்காமல் விலகி விலகி நடந்தார். தான் விலகியதே அவருக்குத் தெரியவில்லை.

இந்தச் சான்றுகளில் எல்லாமே ஒரே பலமுடையவை அல்ல. பெரிய வட்டங்கள் சூழ்ந்த வட்டம் சிறிதாகவும் சிறிய வட்டங்கள் சூழ்ந்த வட்டம் பெரிதாகவும் தோன்றும் மாயத்தோற்றத்தில், கண் ஏமாந்தாலும் விரல்கள் ஏமாறுவதில்லை என்று 1995இல் ஓர் ஆய்வு அறிவித்தது. கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் முடிவு என்பதால் எல்லாப் பாடநூல்களிலும் ஏறிவிட்டது. 2000இல் பிரான்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அளவீட்டு முறையைச் சீராக்கிப் பார்த்தபோது விரல்களும் ஏமாந்தன. 2016இல் பல ஆய்வுகூடங்கள் சேர்ந்து செய்த பெரிய சோதனையும் அதே பக்கம் சாய்ந்தது. டி.எப்.பின் திறமைக்கு ஒவ்வொரு முறையும் பொருளைத் தொட்டுப் பெறும் உணர்வும் உதவியிருக்கலாம் என்று ஷெங்க் 2012இல் வாதிட்டார். என் எண்ணத்தில் மாயத்தோற்றச் சான்றைக் கைவிட்டுவிடலாம்; அது விழுந்தாலும் இடையில் நகரும் இலக்கும், பாலின்டின் நோயாளியும், தபால் துளையும் விழமாட்டா. இரண்டு பாதைகளுக்கும் நடுவே சுவர் எழுப்பியதுபோல எழுதுகிறவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பெயர் தெரியாத பொருளைக் கை எடுக்கும். ஆனால் கத்தியைப் பிடியில் பிடிக்க வேண்டும், அலகில் பிடிக்கக் கூடாது என்பதை அறிய அது கத்தி என்று தெரிந்தாக வேண்டும்.

நாளாந்த வேலையில் கண் என்ன செய்கிறது என்பதற்கும் நல்ல ஆய்வு இருக்கிறது, அது தேநீர் போடுவதைப் பற்றியது. மைக்கல் லேண்டும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கண் எந்தப் பொருளைப் பார்க்கிறது என்பது தேநீர் போடும்போது தொடர்ந்து பதியப்பட்டது. கை ஒரு பொருளைத் தொடுவதற்கு ஏறத்தாழ அரைச் செக்கன் முன்னதாகக் கண் அங்கே போய்விடுகிறது. கை வேலையை முடிப்பதற்கு முன்னரே அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது. வேலைக்கு உதவாத பொருளைக் கண் பெரும்பாலும் திரும்பியும் பார்ப்பதில்லை. பஸ் நிலையத்துக்கு அருகில் நான் பிளேன்டீ குடிக்கும் கடையில் இதை வெறுங்கண்ணாலேயே காணலாம். கிளாசில் சாயம் நிறைந்துகொண்டிருக்கும்போது அந்தத் தம்பியின் கண் சீனிப் போத்தலுக்குப் போய்விட்டிருக்கும். கரண்டி கிளாசுக்குள் இறங்கும்போது கண் அடுத்த ஆளின் கையிலிருக்கும் காசில் இருக்கும். ஒரு துளிகூட வெளியே சிந்துவதில்லை.

கோணேசர் கோயிலிலிருந்து படியிறங்கும் முதியவர்களிடம் இதன் மறுபக்கம் தெரிகிறது. நடக்கும்போது கண் பாதத்தைப் பார்ப்பதில்லை, ஓரிரு எட்டு முன்னே பார்க்கிறது. பாதம் விழும் இடத்தின் தகவல் பார்வையின் கீழ் விளிம்பால் வந்து சேருகிறது, அதை நாம் பார்ப்பதாகவே எண்ணுவதில்லை. வாசிப்பதற்கான வில்லையைக் கீழே வைத்த இருகுவியக் கண்ணாடி அந்த விளிம்பைத்தான் மங்கலாக்குகிறது. அத்தகைய கண்ணாடி அணியும் முதியவர்கள் அதிகமாக விழுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘படி நல்லாத்தான் தெரியுது’ என்று அவர்கள் சொல்வது உண்மையே. தெரிவது மேல் வில்லையால், கால் நம்பியிருப்பது கீழ் வில்லையை. தூரத்தைப் பார்ப்பதற்கு மட்டுமான ஒரு கண்ணாடியை வெளியே நடப்பதற்கென்று தனியாகச் செய்துகொள்ளும்படி நான் என் வயதுக்காரர்களிடம் சொல்லி வருகிறேன்.

கிரிக்கெட்டைச் சொல்லாமல் விட்டால் டச்சுக்குடாக் கடற்கரையில் மாலையில் ஆடும் பையன்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்பட்ட பந்து துடுப்பாட்ட வீரரை அடைய அரைச் செக்கன்கூட ஆவதில்லை. பந்து நிலத்தில் குத்திய பிறகு எதிர்பாராத பக்கம் திரும்பினால் துடுப்பைத் திருத்த ஏறத்தாழ 200 மில்லி செக்கன் தேவை என்று பீற்றர் மெக்லியொட் 1987இல் காட்டினார்; சர்வதேச மட்டத்தில் ஆடியவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். ஆகவே நல்ல வீரர் முன்கூட்டியே அறிந்தாக வேண்டும். லேண்டும் மெக்லியொடும் 2000இல் மூன்று வீரர்களின் கண்ணைத் தொடர்ந்து பதிந்தபோது, யாருமே பந்தை முழுத் தூரமும் பின்தொடரவில்லை. பந்து கையை விட்டு வெளியேறுவதைக் கண் பார்க்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முந்திப் பாய்ந்து அங்கே காத்திருக்கிறது. திறமை மிக்கவரின் கண் முன்னதாகப் பாய்ந்தது, திறமை குறைந்தவரின் கண் பிந்திப் பாய்ந்தது. லசித் மாலிங்க 2007 உலகக் கிண்ணப் போட்டியில் தென்னாபிரிக்காவின் 4 விக்கெட்டுகளை அடுத்தடுத்த 4 பந்துகளில் வீழ்த்தியதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் கை பக்கவாட்டில் தாழ்ந்து சுழலும் அந்த வீச்சு, கண் பந்தின் புறப்பாட்டைத் தேடிப் பழகிய இடத்தையே மாற்றிவிடுகிறது என்பது என் கணிப்பு.

ஆனால் பந்தை நன்றாக அடித்த பையனைக் கேட்டால், துடுப்பில் படும்வரை பந்தைக் கண்டதாகத்தான் சொல்வான். சராசரி ஆட்டக்காரனில் அது பிற்பாடு மனம் நிரப்பிக்கொண்ட காட்சி. அவுஸ்திரேலியாவில் உயர்மட்ட வீரர்களை ஆராய்ந்தவர்கள் 2013இல் கண்டது இன்னும் விசித்திரம், அவர்களின் தலை பந்தோடு சேர்ந்து திரும்புகிறது, கண்ணோ குத்தும் இடத்துக்கும் பிறகு துடுப்பு பந்தைச் சந்திக்கும் இடத்துக்கும் முந்திப் போய் நிற்கிறது. ‘பந்தையே பார்த்துக்கொண்டிரு’ என்ற பழைய அறிவுரையை நான் இப்போது சொல்வதில்லை. பந்துவீச்சாளரின் கையைப் பார், தலையை ஆட்டாதே என்கிறேன். ஈரமணலில் டெனிஸ் பந்து எப்படிக் குத்தும் என்பதைக் காய்ந்த மணலிலிருந்து பிரித்தறியக் கண்ணுக்குச் சில ஓவர்கள் தேவைப்படும் என்பதால், முதல் சில பந்துகளை அடிக்காமல் விடும்படியும் சொல்கிறேன். அதை மட்டும் அவர்கள் கேட்பதாயில்லை.